மலையில்லாத ஊரில் இரண்டு மலை: வன்னி ஆரம்ப வகுப்புகளுக்கான ஆயத்தச் சித்திரப் பாடங்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மூன்றாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "இயற்கைக் காட்சி ஒன்று கீறுங்கோ" என்று சொன்னால், பத்து நிமிடத்துக்குள் பாதித் தாள்களில் இரண்டு மலை எழும்பிவிடும். நடுவில் பாதிச் சூரியன். மலையடியிலிருந்து நெளிந்து வரும் ஆறு, ஒரு வீடு, ஒரு தென்னை, மேலே நாலு பறவை. இந்த ஊர்கள் அடங்கிய, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் அப்படி மலை கிடையாது. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்று பெயரில் மலை உள்ளவையும் காட்டுக்குள் நிற்கும் கற்குன்றுகள்தான். இந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கும் அடிவானம் குளக்கட்டு. உயரம் என்றால் பனை, பாலை மரம், தண்ணீர்த் தாங்கி.

அந்த மலை பிள்ளையின் கண்ணிலிருந்து வந்ததல்ல. கரும்பலகையிலிருந்தும் அக்காவின் சித்திரக் கொப்பியிலிருந்தும் வந்தது. நேரமில்லாத ஆசிரியர் ஒரு மாதிரிப் படத்தைப் பலகையில் கீறிவிட்டு, "இதைப் பார்த்துக் கீறுங்கோ" என்கிறார். அல்லது வெளிக்கோடு மட்டும் அச்சடித்த தாளைப் படப்பிரதி எடுத்துக் கொடுக்கிறார். ஆசிரியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தமிழ், கணிதம், சுற்றாடல், சமயம் எல்லாம் ஒரே ஆள். சிறிய பாடசாலைகளில் இரண்டு மூன்று தரங்களை ஒரே கூரையின் கீழ் வைத்துக் கற்பிப்பதும் அதே ஆள்தான். ஐந்தாம் தரமென்றால் புலமைப்பரிசில் பரீட்சை தலைக்கு மேல் நிற்கும். சித்திரத்துக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளை. அதுவும் கூட்டம் ஏதும் இல்லாவிட்டால்.

ஆகவே ஆயத்தமான பாடம் கட்டாயம் வேண்டும். எது ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதில்தான் பிழை நடக்கிறது. பொருள் ஆயத்தமாக இருக்கட்டும். பங்கிடும் ஒழுங்கும் சுத்தம் செய்யும் ஒழுங்கும் ஆயத்தமாக இருக்கட்டும். ஆசிரியர் கேட்கும் முதல் கேள்விகூட எழுதப்பட்டே இருக்கட்டும். படம் மட்டும் ஆயத்தமாக இருக்கக் கூடாது. கீழே சொல்லும் பாடங்கள் எல்லாம் இந்த ஒரு விதியில் அமைந்தவை.

சித்திரப் பெட்டி

சித்திரப் பாடம் நின்றுபோவதற்கு முதற் காரணம் கற்பனை வறட்சி இல்லை. தாள் தேடுவதிலும், பாஸ்டல் இல்லாத பிள்ளைக்கு இரவல் வாங்குவதிலும், தண்ணீர் எடுக்க அனுப்புவதிலும் பதினைந்து நிமிடம் போய்விடும். நாற்பது நிமிடப் பாடத்தில் இது தாங்காத இழப்பு. 30 பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி வைத்தால் போதும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி நல்லது; கடதாசிப் பெட்டியைக் கறையான் ஒரு தவணைக்குள் முடித்துவிடும்.

டிமை அளவுப் பெரிய சித்திரத் தாள் 8. ஒன்றை இரண்டு முறை மடித்து வெட்டினால் ஏறக்குறைய ஏ4 அளவில் நாலு துண்டு வரும். எட்டுத் தாளில் 32 துண்டு, பழுதாவதற்கு இரண்டு மிச்சம். வெட்டும் வேலையை முதல் நாளே முடித்துவிட வேண்டும். தவணைக்கு ஆறு பாடம் என்று கணக்கிட்டால் 48 தாள்.

12 நிற எண்ணெய் பாஸ்டல் பெட்டி 10. இவற்றைப் பெட்டியோடு கொடுக்கக் கூடாது. ஐந்து பேர் கொண்ட ஆறு குழு. குழுவுக்கு ஒரு யோகட் கோப்பை. அதில் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று. மிச்சம் நாலு பெட்டி கையிருப்பு. கறுப்பு, கடும்பச்சை, நீலம் முதலில் தீரும். வெள்ளை அப்படியே கிடக்கும். ஒவ்வொரு நிறமாகத் தனித்து வாங்க முடியுமானால் கறுப்பை இரட்டிப்பாக வாங்குங்கள். பாஸ்டலைச் சுற்றியிருக்கும் கடதாசியைப் பாதிக் குச்சிகளில் உரித்துவிட்டு நடுவில் முறித்து வையுங்கள். முறிந்த துண்டைப் படுக்க வைத்து அகலமாகத் தேய்க்கலாம். சின்ன விரல்களுக்கு அது சுலபம், 'யாரோ உடைச்சுப் போட்டினம்' என்ற முறைப்பாடும் வராது.

தண்ணீருக்குத் தயிர்ச்சட்டி. வெட்டிய போத்தல் உயரமாக நிற்பதால் முழங்கை பட்டவுடன் சாயும். சட்டிக்கு அடி கனம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் நிரப்பத் தேவையில்லை. துடைக்கப் பழைய சாரத்துணி, குழுவுக்கு இரண்டு துண்டு. விரிக்கப் பழைய பத்திரிகை. பறக்காமல் வைக்கக் கூழாங்கல், ஆளுக்கு இரண்டு. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும், பாதிச் சுவர் மட்டும் உள்ள வகுப்பறையில் கல் இல்லாமல் தாள் நிற்காது. கத்தரிக்கோல் முனை மழுங்கியது 10. பிள்ளைகளிடம் பிளேட் கொடுக்க வேண்டாம்.

பசையைக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஒரு கோப்பை கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். மூன்று கோப்பை தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைசலை மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால் மூன்று நாலு நிமிடத்தில் வெள்ளை மாறிக் கண்ணாடித்தன்மை வரும். அதுதான் பதம். மாவை நேரே கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் வெந்து உள்ளே மாவாகவே உருண்டைகள் நிற்கும், பின்னர் எவ்வளவு கடைந்தாலும் கரையாது. வெக்கையில் இரண்டு நாளில் புளித்துவிடும். ஆகவே பாடத்துக்கு முதல் நாள் இரவே காய்ச்ச வேண்டும். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு. சின்னப் பிள்ளைகள் விரலை வாயில் வைப்பவர்கள், சேர்க்கவே கூடாது. மாப்பசையால் ஒட்டிய வேலைகளை எலியும் கரப்பானும் தேடி வரும்; அலுமாரிக்குள் வைக்காமல் கயிற்றில் தொங்கவிடுங்கள்.

குளக்கட்டுப் பாடம் (தரம் 3, 4, 5)

வன்னிக்கென்றே ஒரு பாடம் இருக்க வேண்டுமென்றால் அது இதுதான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், மன்னார்ப் பக்கத்தில் கட்டுக்கரை என்று குளத்தைச் சொல்லித்தான் ஊரே அமைந்திருக்கிறது. பிள்ளைக்குத் தண்ணீரில் மரம் தலைகீழாகத் தெரிவது தெரியும். ஆனால் அதைக் கீறலாம் என்று தெரியாது.

தாளை நீளப்பக்கம் கிடையாக வைத்து, மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த மடிக்க வேண்டும். மடிப்பை நகத்தால் அழுத்தி மீண்டும் விரிக்கவும். மடிப்புக் கோடுதான் தண்ணீர் விளிம்பு. பென்சில் கொடுக்காதீர்கள். பென்சில் கையில் இருந்தால் பிள்ளை அழிப்பதிலேயே நேரத்தைக் கழிக்கும். இந்தப் பாடத்துக்குப் பென்சில் கோடு எந்த உதவியும் செய்யாது.

மேற்பாதியில் மட்டும் கீற வேண்டும். தொடங்க முன் நாலு கேள்வி, பதிலை வாயால் வாங்குங்கள், பலகையில் கீறிக் காட்ட வேண்டாம். கட்டின் மேல் என்ன போகிறது? கட்டுக்குப் பின்னால் எந்த மரத்தின் தலை தெரிகிறது? பட்ட மரத்தில் என்ன குருவி குந்தியிருக்கிறது? பின்னேரம் வானம் என்ன நிறம்? மாடு, சைக்கிள், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், நீர்க்காகம், மருதமரம், குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக் கதவு என்று வகுப்பு தானாகவே சொல்லத் தொடங்கும். அந்தப் பதில்களே மாதிரிப் படத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பாஸ்டலை அழுத்தி, தாள் வெள்ளை தெரியாத அளவுக்குப் பூச வேண்டும். குறிப்பாக மடிப்புக் கோட்டை ஒட்டிய இரண்டு விரல் அகலம். பூசி முடிந்ததும் தாளை மீண்டும் மடித்து, தேக்கரண்டியின் முதுகால் பின்புறத்தை முழுவதும் இரண்டு நிமிடம் உரச வேண்டும். விரித்தால் கீழ்ப்பாதியில் மங்கலான தலைகீழ்ப் படம் பதிந்திருக்கும். அந்த மங்கல்தான் தண்ணீர். அதன் மேல் வெளிர்நீலப் பாஸ்டலைப் படுக்க வைத்துக் கிடையாக நாலைந்து தடவை மெல்ல இழுத்தால் அலை. தீராமல் கிடக்கும் வெள்ளைக்கும் இங்கே வேலை வருகிறது.

பதியவில்லை என்று முறைப்பாடு வந்தால் காரணம் மூன்றில் ஒன்று. மெழுகுக் கிரேயோனைப் பாஸ்டல் என்று நினைத்துக் கொடுத்திருப்பீர்கள். மெழுகு கடினம், பதியாது. நகத்தால் சுரண்டினால் பாஸ்டல் பிசுபிசுப்பாக வரும், கிரேயோன் தூளாக உதிரும், இதுவே பரிசோதனை. அல்லது மெல்லப் பூசியிருப்பார்கள். அல்லது உரசும்போது தாள் நழுவியிருக்கும். அப்போது மரத்துக்கு இரண்டு நிழல் விழும். ஒருவர் பிடிக்க ஒருவர் உரச வேண்டும், சோடி சோடியாக. காலைக் குளிரில் சரியாகப் பதியாதது பத்து மணிக்குப் பின் நன்றாகப் பதியும்; வெப்பத்தில் எண்ணெய் இளகுவதே காரணம். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை இதற்கு மட்டும் நல்ல நேரம்.

நேர ஒதுக்கீடு: கேள்வி 5 நிமிடம், பங்கீடு 3, கீறல் 20, உரசல் 4, சுவரில் பார்த்தல் 3, சுத்தம் 5.

மண்ணும் பூவும் தரும் நிறம் (தரம் 4, 5)

நீர்வர்ணப் பெட்டி வாங்கப் பணமில்லாத இடத்தில் இந்தப் பாடம் வெறும் மாற்று ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். சுற்றாடல் பாடத்தோடு இதைவிட நெருங்கி நிற்கும் சித்திரப் பாடம் வேறில்லை. இரண்டு பாடவேளையைச் சேர்த்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கெடும்.

செம்மண், செங்கல் தூள், சிரட்டைக்கரி மூன்றும் தூள் நிறங்கள். நன்றாக இடித்து மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். சலிக்காவிட்டால் மணல் தாளைக் கீறும். மூன்று மேசைக்கரண்டித் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி மாப்பசை, பிறகு தயிர்ப் பதம் வரும்வரை தண்ணீர். பசை சேர்க்காமல் தண்ணீரில் மட்டும் குழைத்தால் ஈரத்தில் அழகாகத்தான் தெரியும். காய்ந்ததும் தாளைத் தூக்கியவுடன் எல்லாம் உதிரும். பசை கூடினாலும் பிழைதான்: காயும்போது சுருங்கித் தாளை வளைக்கும், வெடித்துச் செதிலாகக் கழலும்.

சாறு நிறங்கள் வேறு வகை. மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர். கொடிப்பசளிப் பழத்தை நசித்தால் கடும் ஊதா. நீலச் சங்குப்பூ இருபதைப் பறித்து அரைக் கோப்பை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் நல்ல நீலம். தேக்கின் இளந்தளிரைக் கையில் கசக்கினால் சிவப்பு வரும். வீதியோரத் தேக்கந்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விளையாட்டு. இலைப்பச்சையை நம்ப வேண்டாம், சில நாளில் பழுப்பாகிவிடும்.

இனி வகுப்பு மூச்சை அடக்கிப் பார்க்கும் பகுதி. சங்குப்பூ நீலத்தை மூன்று சிரட்டையில் பிரியுங்கள். ஒன்றில் நாலு துளி தேசிக்காய்ச் சாறு: ஊதாவாகி இளஞ்சிவப்புக்குப் போகும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா: நீலம் பச்சைப் பக்கம் சாயும். மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே நிற்கும். மஞ்சள் கரைசலில் அப்பச்சோடா போட்டால் செந்நிறம் கலந்த பழுப்பு வரும். வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டால் இன்னும் சிவக்கும், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும். அதை ஆசிரியரே செய்து காட்ட வேண்டும், பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது. இப்படி ஏழெட்டு நிறம் கிடைக்கும். முதற் பாடவேளையில் நிறம் செய்து, சிறு தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் பூசிப் பெயர் எழுதட்டும். படம் இரண்டாவது பாடவேளையில்.

தூரிகைக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டையை விரல் கனத்தில் கீறி எடுத்து, ஒரு நுனியைக் கல்லில் தட்டித் தும்பைப் பிரித்தால் போதும். மண் நிறத்துக்கு அது கடையில் வாங்குவதை விட நல்லது. சாறு நிறத்துக்குப் பஞ்சு சுற்றிய ஈர்க்கு.

பாடசாலைச் சீருடை வெள்ளை என்பதை மறக்கக் கூடாது. பசளியும் மஞ்சளும் கறை. மஞ்சட் கறையில் சவர்க்காரம் பட்டவுடன் அது சிவந்துவிடும், வீட்டில் தாய்மார் பதறிப்போவார்கள். சிரட்டையில் பார்த்த அதே மாற்றம்தான் துணியிலும் நடக்கிறது. அலசி வெயிலில் காயவிட்டால் மஞ்சள் மங்கும். பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ள முதல் நாளே சொல்லி அனுப்பினால் இந்தப் பிரச்சினையே வராது. வெயிலில் மஞ்சள் மங்கும் என்பது படத்துக்கும் பொருந்தும்: சாறு நிறப் படங்களை யன்னல் பக்கம் மாட்ட வேண்டாம்.

எடுக்கும் இடம்

இது சித்திரத்தைப் பற்றியதல்ல, ஆனாலும் வன்னியில் எழுதாமல் விட முடியாது. இலையும் மண்ணும் கல்லும் பொறுக்கி வரச் சொல்லிப் பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்பாதீர்கள். 2009இல் போர் முடிந்த பிறகும் மிதிவெடி அகற்றும் வேலை இந்தப் பகுதிகளில் ஆண்டுக்கணக்காக நடந்தது. வெடிக்காத பொருட்கள் மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளியே தெரிவதும் உண்டு. பாடசாலை வளவு, வீட்டு முற்றம், பாவனையில் உள்ள வீதியோரம், இவ்வளவுதான் எல்லை. மண்ணை ஆசிரியரோ பெற்றோரோ, ஆட்கள் வழமையாக மண் எடுக்கும் இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். தெரியாத இரும்புத் துண்டு எதையும் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பாடத்தின் முதல் வரியாகவே சொல்லுங்கள். சிலர் உலோகத் துண்டுகளால் 'கழிவுப்பொருள் சிற்பம்' செய்யும் பாடத்தை வைத்திருக்கிறார்கள். இங்கே அது வேண்டாம். போத்தல் மூடி, சிரட்டை, கடதாசி மட்டை போதும்.

செடியிலும் கவனம் வேண்டும். எருக்கம்பால் கண்ணுக்கு ஆகாது, அலரியும் ஊமத்தையும் நஞ்சு, காஞ்சோண்டி பட்டால் அரிப்பில் அன்றைய பாடம் அதோடு சரி.

களிமண் (எல்லாத் தரமும்)

ஆடி, ஆவணியில் குளம் வற்றியிருக்கும்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்; மாரியில் எடுக்கவும் முடியாது, செய்தது காயவும் மாட்டாது. ஒரு பிள்ளைக்கு ரெனிஸ் பந்தளவு, சுமார் 300 கிராம். 30 பேருக்கு 9 கிலோ. உலர்ந்த கட்டியை உடைத்து ஒரு நாள் ஊறவிட்டு, கல்லும் வேரும் போகக் கரைத்து வடித்து, மேல்நீரை ஊற்றிவிட்டுச் சாக்கில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிசையும் பதம் வரும். பென்சில் கனத்தில் ஒரு திரி உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் மணல் கூடுதல், வேறிடத்து மண் வேண்டும். கையில் அப்பினால் தண்ணீர் கூடுதல்.

யானை செய்தால் கால் கழன்று விழும். மயிலுக்குக் கழுத்து விழும். காரணம் ஒன்றே: இரண்டு துண்டை வெறுமனே ஒட்டவைத்திருப்பார்கள். ஒட்டும் இரண்டு முகத்தையும் ஈர்க்கால் குறுக்கும் மறுக்கும் கீறி, களிமண்ணைக் கூழாகக் கரைத்து அதில் தடவி அழுத்திய பிறகு, பொருத்தை விரலால் நீவிவிட வேண்டும். விரல் கனத்துக்கு மேல் தடிப்பாக எதையும் விடாதீர்கள், தடிப்பும் மெல்லிசும் வெவ்வேறு வேகத்தில் காய்ந்து வெடிக்கும். நிழலில் ஐந்தாறு நாள், முதல் நாள் ஈரச்சாக்கு மூடி. வெயிலில் வைத்தால் மாலைக்குள் வெடிப்பு. பொடியாக வெட்டிய வைக்கோலைப் பிசையும்போது ஒரு கைப்பிடி சேர்த்தால் வெடிப்பு குறையும். காலபோக நெல் அறுவடை முடிந்ததும் ஒரு பை வைக்கோலை எடுத்து வைத்துவிடுங்கள். சுடாத மண் மழை பட்டால் கரைந்துவிடும் என்று பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டு முற்றத்தில் வைத்த மாடு கரைந்த அன்று ஒரு பிள்ளை அழும். கை கழுவும் தண்ணீரை வாளியில் பிடித்து மரத்தடியில் ஊற்றுங்கள், குழாய்த் தொட்டியில் ஊற்றினால் அடைக்கும்.

முதலாம், இரண்டாம் தரத்துக்கு

கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்து ஒட்டல் போதும், அதுவே விரலுக்கு நல்ல பயிற்சி. பத்திரிகைத் தாளுக்கு இழை ஓடும் திசை உண்டு: ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராக வரும், மறுபக்கம் கோணலாகும். பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

இலை உரசல் இன்னொன்று. பூவரசு, மா, கொய்யா இலை, அன்று காலை பறித்தது. நரம்புப் பக்கம் மேலே, அதன் மேல் மெல்லிய தாள், உரித்த பாஸ்டல் துண்டைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். சித்திரக் கொப்பியின் தடித்த தாளில் நரம்பு எழும்பாது; பயிற்சிக் கொப்பித் தாள்தான் நல்லது. இலை நகராமல் சோற்றுப் பருக்கை ஒன்றை வைத்து ஒட்டிவிடுங்கள். காய்ந்த இலை நொறுங்கும். தேக்கிலை இதற்குப் பெரிது, சொரசொரப்பும் கூட.

பல்தர வகுப்பென்றால் பொருள் ஒன்று, வேலை வேறு. ஒரே இலைக் குவியலை வைத்து இரண்டாம் தரம் உரசட்டும், மூன்றாம் தரம் உரசிய இலைகளை வெட்டி ஒரு குருவியோ மீனோ ஆக்கட்டும், நாலாம் தரம் ஓர் இலையைப் பாதியாக வெட்டி ஒட்டிவிட்டு மறுபாதியைப் பார்த்துக் கீறட்டும். ஐந்தாம் தரத்தில் இந்த மறுபாதி வேலை கணிதத்தின் சமச்சீரோடு சேர்ந்துவிடும். 7 புள்ளிக் கோலமும் அப்படித்தான். பரீட்சைக் காலத்தில் சித்திரத்துக்கு நேரம் கேட்பதைவிட, கணிதப் பாடவேளைக்குள் கோலத்தைக் கொண்டுபோவது நடக்கக்கூடியது.

தலைப்பு

தலைப்பில்தான் ஆயத்தப் பாடங்கள் கூடுதலாகப் பிழைவிடுகின்றன. 'பனி பெய்யும் வீடு' என்ற தாள் இங்கே யாருக்கும் பயன்படாது என்பது எல்லாருக்கும் தெரியும். 'என் குடும்பம்' எவ்வளவு பாரமான தலைப்பு என்பது அவ்வளவு சுலபமாகத் தெரிவதில்லை. தகப்பன், தாய், இரண்டு பிள்ளை என்று வெளிக்கோடு அச்சடித்த தாள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அம்மம்மாவோடு வளரும் பிள்ளை, தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை, தாய் தனியே பொறுப்பேற்று நடத்தும் வீட்டுப் பிள்ளை, காணாமற்போன உறவைத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டில் பிறந்த பிள்ளை, எல்லாரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். அந்தத் தாளில் நிறம் தீட்ட அவர்களுக்கு ஆளில்லை. 'எங்கள் வீட்டு முற்றம்' என்று மாற்றுங்கள். முற்றத்தில் யாரைக் கீறுவது, எத்தனை பேரைக் கீறுவது என்பது பிள்ளையின் விருப்பம். மாடும் கோழியும் கிணறும் வரும், படமும் நிறையும். 'திருவிழா' என்ற தலைப்பும் அப்படியே திறந்து நிற்கட்டும்: ஒரு பிள்ளைக்கு அது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், இன்னொன்றுக்கு மடு மாதா திருவிழா, வேறொன்றுக்குப் பெருநாள்.

ஒரு பிள்ளை முழுத்தாளையும் கறுப்பால் பூசினால் உடனே காரணம் தேடி விசாரிக்க வேண்டாம். கறுப்பு நன்றாகப் படிகிறது என்பதற்காகவும் பூசுவார்கள். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று ஒரு தடவை மட்டும் கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வகுப்பின் முன் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி விளக்கம் கேட்பது கூடவே கூடாது. வாரக்கணக்காக ஒரே மாதிரி வந்து, விளையாட்டிலும் படிப்பிலும் பிள்ளை ஒதுங்கினால், அதிபரோடும் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரோடும் பேச வேண்டியது வேறு விடயம்.

பிள்ளையின் தாளில் ஆசிரியர் கீறித் திருத்தக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டாலும் அடுத்த பாடத்தில் அந்தப் பிள்ளை, "ரீச்சர், நீங்களே கீறித் தாங்கோ" என்று தாளை நீட்டும். பின்புறத்தில் பெயர், திகதி, பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம், அவ்வளவு போதும். புள்ளி போடாதீர்கள். நடுவில் மடித்த பிறிஸ்டல் போட் ஒன்றில் ஒரு வருடத்துப் படங்களைச் சேர்த்துவைத்தால், பெற்றோர் சந்திப்பில் விளக்கத்துக்கு அதைவிட வேறொன்றும் தேவையில்லை.

ஒரு பக்கத் தாள்

பாடமொன்றை அடுத்த ஆசிரியரும் எடுக்கும்படி எழுதி வைப்பதென்றால் ஏ4 தாளின் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். மேலே தரமும் பருவமும்: மாரி, கோடை, சோளகம் என்று. பிறகு பொருள், 30 பேருக்கான அளவோடு. பிறகு ஆசிரியர் வாயால் கேட்கும் கேள்வி நாலு, சொல்லுக்குச் சொல் எழுதியிருக்க வேண்டும். படிகள் ஆறுக்கு மேல் வேண்டாம். பிழைத்தால் என்ன செய்வது, இரண்டு வரி. சுத்தம் செய்யும் ஒழுங்கு: யார் தாளைச் சேர்ப்பது, யார் கோப்பையை எண்ணுவது, யார் சட்டியை ஊற்றுவது. மாதிரிப் படத்துக்குத் தாளில் இடமே விடாதீர்கள்.

அடியில் ஒரு வெற்று வரி, 'திரும்பச் செய்தால்' என்ற தலைப்போடு. பாடம் முடிந்த அன்றே, பெட்டியை மூட முன் எழுத வேண்டும். அடுத்த கிழமைக்கு ஞாபகம் இருக்காது. வன்னி வகுப்பறைத் தாள்களில் அந்த வரி பெரும்பாலும் இப்படித்தான் நிரம்பும்: 'காற்று கூடுதல், யன்னல் பக்கக் குழுவில் ஆளுக்கு மூன்று கல்.' 'கறுப்பு போதவில்லை.' 'துருசு எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்குத் தெரியவில்லை, முதல் நாள் பார்த்து வரச் சொல்ல வேண்டும்.' 'மலை யாரும் கீறவில்லை.'